இரு ஊசிகள் காட்டிய இரு திசைகள்

கல்முனைக் கடற்கரைப் பக்கத்தில் புதிதாகக் கட்டி முடித்த வீடொன்றை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். சுவரிற் பூசிய சுண்ணாம்பின் வாசனை இன்னும் நீங்கவில்லை. தொழுகைக்கென ஒதுக்கிய சிற்றறையில் பாயை எத்திசை நோக்கி விரிப்பது என்று பார்ப்பதற்காக, வீட்டுத் தலைவர் தம்மிடமிருந்த கிப்லாத் திசைகாட்டியை இரும்பு மேசையொன்றின் மீது வைக்கிறார். பாடசாலையில் விஞ்ஞானம் படிக்கும் மகன், தன்னிடமிருந்த மற்றொரு திசைகாட்டியை யன்னற் படியிலே வைத்துப் பார்க்கிறான்.

"வாப்பா, ரெண்டு ஊசியும் ரெண்டு பக்கம் காட்டுதே! எது சரி?"

"ஒண்டு பழுதாகிப் போயிருக்கும், மகன்."

பையன் விடவில்லை. இரண்டையும் இடம் மாற்றி வைக்கிறான். இப்பொழுது யன்னலுக்கு வந்த திசைகாட்டி முன்னர் அங்கிருந்தது காட்டிய திசையையே காட்டுகிறது. மேசைக்குப் போனதும் அவ்வாறே முன்னையதைப் பின்பற்றுகிறது. தகப்பனார் சற்று நேரம் யோசித்துவிட்டுச் சொல்கிறார்:

"அப்ப பழுது ஊசியில இல்ல, மகன். இடத்திலதான் என்னமோ இரிக்கு."

இந்த ஒரு வாக்கியத்திலே பௌதிகவியலின் மிகப் பெரிய கருத்துக்களுள் ஒன்று அடங்கியிருக்கிறது. 'இடத்தில் ஏதோ இருக்கிறது' என்று அவர் கூறினாரே, அந்த 'ஏதோ' வுக்குத்தான் விஞ்ஞானிகள் 'புலம்' என்று பெயரிட்டிருக்கின்றனர். மின்புலம், காந்தப்புலம், ஈர்ப்புப்புலம் என்று பாடநூலிலே வரிசையாக வரும் பெயர்களைக் கண்டு அஞ்சும் மாணவர் பலர். அவர்கள் வரைவிலக்கணத்தை மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு மறந்துவிடுகின்றனர். ஆனால் புலம் என்பது மனனஞ் செய்ய வேண்டிய பொருளன்று. கல்முனையில் ஒரு தையலூசியையும் நூலையும் வைத்துக்கொண்டு அதனை நாமே கண்டறியலாம். எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

தொடாமலே தள்ளுவது எப்படி?

வண்டியைத் தள்ள வேண்டுமானால் வண்டியைத் தொட வேண்டும். கரைவலையை இழுக்க வேண்டுமானால் கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஆனால் தென்னையிலிருந்து கழன்ற தேங்காயைப் பூமி எந்தக் கயிற்றால் இழுக்கிறது? காந்தம் ஆணியைத் தொடுமுன்னரே ஆணி துள்ளி வருகிறதே, அது எதனால்?

பூமியின் ஈர்ப்புக்கு 1687 ஆம் ஆண்டில் கணித விதி வகுத்துத் தந்தவர் நியூட்டன். ஆயினும், இடையில் எதுவுமின்றி ஒரு பொருள் தூரத்திலுள்ள மற்றொரு பொருளை இழுக்கும் என்பதை அவரது மனமே ஏற்கவில்லை. அஃது அறிவுக்கு ஒவ்வாதது என்று அவர் பிற்காலத்தில் கடிதமொன்றில் எழுதினார். இப்புதிருக்கு வழிகாட்டியவர் மைக்கேல் பரடே. இரும்புக் கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகங் கட்டும் தொழில் பழகிய அவருக்கு உயர்கணிதம் தெரியாது. ஆனால், கண்ணால் காண்பதை ஆழ்ந்து சிந்திக்கும் ஆற்றல் நிறைய இருந்தது. காந்தமானது தன்னைச் சூழ்ந்த வெளியையே மாற்றிவிடுகிறது. அந்த மாறிய வெளிதான் ஆணியை இழுக்கிறது என்று அவர் கண்டார். பின்னர் 1865 இல் மக்ஸ்வெல் என்னும் அறிஞர் இக்கருத்தைக் கணிதத்தில் வடித்து, மின்னும் காந்தமும் ஒளியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என நிறுவினார்.

தமிழிலே புலம் என்னுஞ் சொல்லுக்கு வயல் என்றும் பொருள் உண்டு. கல்முனைக்கு மேற்கே பரந்து கிடக்கும் நெல் வட்டைகளை அறிந்தவர்களுக்கு இச்சொல் மிகப் பொருத்தமாகவே தோன்றும். நீர் பாயும் வட்டையில் நின்று, ஒவ்வோரிடத்திலும் ஒரு வைக்கோல் துரும்பை இட்டுப் பாருங்கள். வாய்க்கால் வாயிலே துரும்பு விரைந்து ஓடும். வரம்போரத்தில் மெல்ல நகரும். மூலையில் வேறு பக்கமாகத் திரும்பும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேகமும் ஒரு திசையும் உண்டு. துரும்பை இடாவிட்டாலும் நீரோட்டம் அங்கே இருக்கத்தான் செய்கிறது. காந்தப்புலமும் இவ்வாறே. ஒவ்வோரிடத்திலும் அதற்கு ஒரு பருமனும் ஒரு திசையும் உண்டு. அங்கே நாம் இடும் துரும்புதான் காந்த ஊசி. ஒரு வேறுபாட்டை மாத்திரம் மறந்துவிடலாகாது: வட்டையில் நீர் ஓடுகிறது, காந்தப்புலத்தில் எதுவும் ஓடுவதில்லை.

கடற்கரைக் கருமணல்

பரடேயின் காகிதப் பரிசோதனையை இரும்புத்தூள் கொண்டு செய்யும்படி பாடநூல்கள் கூறும். நமது கரையோரத்துப் பிள்ளைகளுக்குக் கடலே தூளைக் கொண்டுவந்து தருகிறது. அலை வந்து மீண்ட பின் மணலில் ஆங்காங்கே கரிய கோடுகள் படிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். இலேசான வெண்மணலை அலை கழுவிச் செல்ல, பாரமான கனிமங்கள் பின்தங்கிவிடுவதால் உண்டாகும் கோடுகள் அவை. கிழக்குக் கரையில் புல்மோட்டையிலும், நமது அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலிலும் இல்மனைற் முதலிய கனிமங்கள் செறிந்த மணல் உண்டு. புல்மோட்டைத் தொழிற்சாலையில் இக்கனிமங்களைப் பிரித்தெடுக்கும் முறைகளுள் காந்தத்தால் பிரித்தலும் ஒன்றாகும்.

ஒரு காந்தத்தைப் பொலித்தீன் பையினுள் இட்டு, உலர்ந்த கருமணலுக்குள் உழுங்கள். இரும்புச் சத்து மிக்க துகள்கள் பையிற் பற்றிக்கொள்ளும். கிண்ணமொன்றின் மேலே பையைப் பிடித்துக் காந்தத்தை மாத்திரம் வெளியே எடுத்தால், துகள்கள் உதிர்ந்துவிடும். ஒரு பிடி சேர்ந்ததும், காந்தத்தின்மேல் வெள்ளைக் காகிதத்தை விரித்து, துகளைப் பரவலாகத் தூவி, காகிதத்தை விரலால் மெல்லத் தட்டுங்கள். ஒரு முனைவிலிருந்து புறப்பட்டு மறு முனைவை நோக்கி வளைந்து செல்லும் கோடுகள் தோன்றும். இவற்றையே விசைக்கோடுகள் என்று பரடே அழைத்தார்.

இங்கே மாணவர் பலர் ஒரு தவறு செய்வதுண்டு. கோடுகள் மெய்யான நூல்கள் என்றும், இரு கோடுகளுக்கு இடையே புலம் இல்லை என்றும் எண்ணிவிடுகின்றனர். அப்படியன்று. துகள்கள் ஒன்றையொன்று பற்றிக் கோர்வையாக நிற்பதால்தான் கோடு தோன்றுகிறது. புலமோ எங்கும் நிறைந்திருக்கிறது. கோடுகள் நெருங்கிய இடத்தில் புலம் வலிது. அகன்ற இடத்தில் மெலிது. கோடுகள் நமக்குச் சொல்லும் செய்தி அவ்வளவே.

மின்புலத்தைக் காண்பதற்கு இதனிலும் எளிய வழி உண்டு. எண்ணெய் படாத உலர்ந்த தலைமயிரைப் பிளாத்திக்குச் சீப்பால் வாரி, அதனைச் சிறு காகிதத் துண்டுகளுக்கு அருகே கொண்டு செல்லுங்கள். அவை எழும்பிச் சீப்பில் ஒட்டிக்கொள்ளும். உராய்வினாற் சீப்பு மின்னேற்றம் பெற்றிருக்கிறது. அவ்வேற்றம் தன்னைச் சூழ ஒரு புலத்தை உண்டாக்குகிறது. கடற்காற்றின் ஈரம் அந்த ஏற்றத்தை விரைவிற் கசியச் செய்துவிடும். ஆதலால், கச்சான் வீசும் உலர்ந்த நாட்களின் நண்பகலே இப்பரிசோதனைக்கு உகந்த வேளை. இனி, அச்சீப்பைக் காந்தத்தின் அருகே அசையாமல் பிடித்துப் பாருங்கள். ஏற்றம் நிலையாக இருக்கும்வரை காந்தப்புலம் அதனைத் தள்ளுவதுமில்லை, இழுப்பதுமில்லை. அசையாத மின்னேற்றமும் காந்தமும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. ஏற்றம் நகரத் தொடங்கும்போதுதான் இரண்டுக்கும் உறவு பிறக்கிறது. அந்த உறவைச் சற்றுப் பின்னர் காண்போம்.

நமது ஊருக்கு வாய்த்த சிறப்பு

பூமியே ஒரு பெருங்காந்தம் என்று 1600 ஆம் ஆண்டில் எழுதியவர் வில்லியம் கில்பேட் என்னும் ஆங்கில மருத்துவர். அவருக்கு முன்னரே காந்த ஊசி இந்துமா கடலிற் பழக்கத்தில் இருந்தது. கப்ஜாக்கி என்னும் எழுத்தாளர் 1282 இல் எழுதிய நூலில், நீரில் மிதக்கும் ஊசியையும், இந்துமா கடல் மாலுமிகள் மிதக்கவிட்ட இரும்பு மீனையும் பற்றிக் கூறுகிறார். 1296 இல் மறைந்த யேமன் மன்னர் அல்-அஷ்ரப், கிப்லாவை அறிவதற்குக் காந்த ஊசியைப் பயன்படுத்தும் முறையை விளக்கி எழுதினார்.

பூமியின் காந்தம் எங்கிருந்து வருகிறது? நமது காலடியில் ஏறக்குறைய 2,900 கிலோமீற்றர் ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு நிறைந்த கோளப் பகுதி ஒன்று உண்டு. அந்த உலோகக் குழம்பின் அசைவால் அங்கே மின்னோட்டங்கள் உண்டாகின்றன. அம்மின்னோட்டங்களே பூமியைக் காந்தமாக்குகின்றன.

இப்பொழுது தையலூசியை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவே நூலைக் கட்டித் தொங்கவிட்டு, கிடையாக நிற்கும்படி முதலிற் சமன் செய்யுங்கள். பின்னர் அதனை நூலிலிருந்து கழற்றாமலே, காந்தத்தின் ஒரு முனைவால் ஒரே திசையிற் பலமுறை தடவி மீண்டுந் தொங்கவிடுங்கள். ஊசி வடக்குத் தெற்காகத் திரும்பி நிற்கும். இதே ஊசியை இலண்டன் மாநகரில் தொங்கவிட்டால், வடக்கு நோக்கும் முனை நிலத்தை நோக்கிச் செங்குத்தாகச் சரிந்து, கிடையிலிருந்து ஏறக்குறைய 66 பாகை சாய்ந்துவிடும். கல்முனையிலோ அது ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும்! ஏனெனில், ஊசி சற்றும் சாயாமல் நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த மத்தியகோடு, தென்னிந்தியாவின் கோடியையும் நமது தீவையும் ஒட்டிய பகுதியிலேதான் செல்கிறது. கேரளத்துத் தும்பா என்னும் மீனவக் கிராமத்தை இந்தியா தனது ரொக்கற் தளத்துக்குத் தெரிந்தெடுத்து, 1963 நவம்பர் 21 ஆந் திகதி முதல் ரொக்கற்றை அங்கிருந்து ஏவியதற்கும் இக்கோட்டின் அண்மையே காரணம்.

குளிர் நாடுகளுக்கெனச் செய்த நல்ல திசைகாட்டி சில வேளைகளில் இங்கே ஒரு பக்கம் தாழ்ந்து உராய்வதன் இரகசியமும் இதுவே. அந்த நாடுகளில் வடமுனை சாயும் என்பதால், தென்முனையில் ஒரு சிறு பாரத்தைச் சேர்த்திருப்பர். சாய்வில்லாத நமது நாட்டில் அந்தப் பாரம் தென்முனையைக் கீழே இழுத்துவிடுகிறது.

மாணவ நண்பர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. திசைகாட்டிக்கு நேர் கிழக்கே ஒரு சட்டக்காந்தத்தை, அதன் முனைவு ஊசியை நோக்கும்படி வைத்து, மெல்ல மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஊசி வடக்கை விட்டு விலகத் தொடங்கும். வடக்கின் பக்கம் பூமி இழுக்கிறது. கிழக்கு மேற்காகக் காந்தம் இழுக்கிறது. ஊசி எவருக்கும் முழுதாகப் பணியாமல் இரண்டின் கூட்டுத் திசையில் நிற்கிறது. சரியாக 45 பாகை விலகும் இடத்தில் காந்தத்தின் புலமும் பூமியின் கிடைப்புலமும் சமம். மற்றைய நாடுகளில் இவ்வாறு அளப்பது பூமிப்புலத்தின் ஒரு பகுதியையே. இங்கே சாய்வு மிகச் சிறிதாகையால், ஏறத்தாழப் புலம் முழுவதையும் ஒரே அளவையில் அளந்துவிடுகிறோம். அதன் பருமன் நமது பகுதியில் சுமார் 40 மைக்குரோதெசலா. காகிதத்தில் கருமணலைத் துள்ள வைக்கும் காந்தத்தின் முனைவருகே புலம் இதனைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு வலியது. இவ்வளவு மெல்லிய பூமிப்புலத்தை நம்பித்தான் ஊசி வாழ்கிறது. ஆகவேதான் அதனைக் குழப்புவதும் மிக எளிதாகிறது.

கம்பியில் ஓடும் ஆறு

நகரும் மின்னேற்றத்துக்கும் காந்தத்துக்கும் உறவுண்டு என்றோம். இதனை 1820 ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் தென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் ஏர்ஸ்தெட். மின்கலத்துடன் இணைத்த கம்பியில் மின்னோட்டஞ் செல்ல, அருகேயிருந்த காந்த ஊசி அசைந்தது.

நீங்களும் இதனைச் செய்து பார்க்கலாம். திசைகாட்டியின்மேல் ஒரு கம்பியை வடக்குத் தெற்காகப் பிடித்து, அதன் இரு நுனிகளையும் டோச் விளக்கின் ஓர் உலர்மின்கலத்தில் ஒரு கணம் மாத்திரம் தொடுங்கள். நேரஞ் சென்றால் கம்பி சுடும். கம்பிக்குக் கீழேயுள்ள ஊசி, மின்னோட்டம் தெற்கிலிருந்து வடக்கே செல்லும்போது மேற்குப் பக்கம் திரும்பும்; மின்கலத்தைத் திருப்பி இணைத்தால் கிழக்கே திரும்பும். ஓர் அம்பியர் மின்னோட்டம் ஒரு சென்ரிமீற்றர் தூரத்தில் 20 மைக்குரோதெசலாப் புலத்தை, அதாவது பூமிப்புலத்தில் பாதியை, உண்டாக்கும். தூரம் இரட்டித்தால் புலம் பாதியாகும். வீட்டு மின்சாரத்தில் இப்பரிசோதனையைச் செய்ய ஒருபோதும் முனையலாகாது. அஃது உயிரைக் குடிக்கும். செய்தாலும் ஊசி திரும்பாது. ஏனெனில், வீட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 100 முறை திசை மாறுகிறது. ஊசி எப்பக்கம் திரும்புவதென்று அறியாமல் நின்றுவிடும்.

நமது தலைக்கு மேலேயும் இத்தகைய மின்னோட்டம் ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? ஏறக்குறைய 105 கிலோமீற்றர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்கடத்தும் தன்மை பெற்ற மெல்லிய காற்றிலே, காந்த மத்தியகோட்டை ஒட்டிப் பகல் வேளையில் மேற்கிலிருந்து கிழக்காகப் பல்லாயிரம் அம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. இதற்கு 1951 இல் பெயர் சூட்டியவர் சிட்னி சப்மன் என்னும் விஞ்ஞானி. வயலிலே உழவர் நண்பகற் சோறுண்ணும் வேளையில் அதன் வேகம் உச்சம் பெறும். அப்போது நமது ஊரின் காந்தப்புலம் சிறிதளவு, நானூற்றில் ஒரு பங்கு வரையிலும் கூட, மிகும். மாலையானதும் அடங்கும். அந்தப் புலம் பூமிப்புலத்தின் திசையிலேயே சேர்வதால் ஊசி திரும்புவதில்லை; நுட்பமான கருவிகளே அதனை அறியும்.

இங்கினியாகலையின் சக்கரம்

மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குமாயின், காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்காதா? இக்கேள்வியை நெடுங்காலம் மனத்திற் சுமந்தவர் பரடே. 1831 இல் விடை கிடைத்தது. அசையாத காந்தம் கம்பிச் சுருளில் எதையும் உண்டாக்காது. காந்தத்தை அசைத்தால், அதாவது சுருளின் ஊடாகச் செல்லும் புலம் மாறினால், அந்த மாற்றம் நிகழும்வரை மின்னோட்டம் பிறக்கும்.

இக்கண்டுபிடிப்பு நமது மாவட்டத்திலேயே வேலை செய்வதைக் காணலாம். பட்டிப்பளை ஆறு என்றும் கல்லோயா என்றும் வழங்கும் ஆற்றை மறித்து, இங்கினியாகலையில் அணை கட்டும் பணி 1949 இல் தொடங்கியது. சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருங்குளம் இவ்வாறு உருவாயிற்று. அணையின் அடியில் ஏறக்குறைய 11 மெகாவாற்று வலுவுள்ள மின்னிலையம் ஒன்று உண்டு. வயல்களுக்காகத் திறந்துவிடும் நீர் முதலில் அங்கே சுழலிகளைச் சுற்றுகிறது. சுழலியோடு சேர்ந்து மின்காந்தம் சுழல்கிறது. அதனைச் சூழ்ந்த கம்பிச் சுருள்களில் புலம் ஓயாமல் மாற, மின்னோட்டம் பிறக்கிறது. பின்னர் அதே நீர் வாய்க்கால் வழியே வட்டைகளுக்குச் செல்கிறது.

இதிலே ஒரு தொடர்ச்சியைக் காண்பீர்கள். மலையிலிருந்து நீரை இறக்குவது ஈர்ப்புப்புலம். சுருளில் மின்னை எழுப்புவது மாறும் காந்தப்புலம். அந்த மின்னைக் கம்பி வழியே நம் வீட்டு விளக்குவரை செலுத்துவது மின்புலம். பாடநூலில் மூன்று அத்தியாயங்களாகப் பிரிந்து கிடப்பவை ஓர் அணையின் அடியில் ஒன்று சேர்ந்திருக்கின்றன.

கடலில் ஒரு பாகை

இவை பரீட்சைக்கு மாத்திரம் உரிய செய்திகள் என்று எண்ணிவிடாதீர்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை மீனவர்கள் ஆழ்கடலுக்குச் செல்கின்றனர். செய்மதியின் துணையோடு இடமறியும் கருவி இன்று பல படகுகளில் உண்டு. ஆயினும் மின்கலம் சோர்ந்தால், நீர் புகுந்து கருவி பழுதானால், எஞ்சியிருப்பது பழைய திசைகாட்டி ஒன்றே.

மாலுமிகளுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு பாகை பிழைத்தால் 60 மைல் ஓட்டத்தில் ஒரு மைல் விலகிப்போவோம். இப்பொழுது ஒரு படகின் திசைகாட்டிக்குப் 10 சென்ரிமீற்றர் அருகே ஒற்றைக் கம்பியொன்று செல்கிறதென்று வைத்துக்கொள்வோம். 12 வோற்று மின்கலத்தில் எரியும் 60 வாற்று விளக்குக்கு 5 அம்பியர் வேண்டும். அக்கம்பி ஊசியின் இடத்தில் 10 மைக்குரோதெசலாப் புலத்தை உண்டாக்கும். பூமியின் பங்கு 40. இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்தால் ஊசி 14 பாகை விலகிவிடும்! முப்பது மைல் ஓடி வரும் படகு, ஊர்த் துறைக்கு ஏழு மைல் வடக்கிலோ தெற்கிலோ போய்ச் சேரும். விளக்கை அணைத்தால் ஊசி மீண்டும் நேராகும். ஆதலால், பகலிற் பார்த்தபோது சரியாயிருந்த திசைகாட்டி இரவிலே ஏமாற்றும். காரணம் அறியாதவர் கருவியைத்தான் குறை கூறுவார்.

நோயை அறிந்தால் மருந்து எளிது. விளக்குக்குப் போகும் கம்பியையும் திரும்பி வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிச் செலுத்துங்கள். இரண்டிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையிற் செல்வதால், ஒன்றின் புலத்தை மற்றொன்றின் புலம் ஏறக்குறைய முழுவதும் அழித்துவிடும். வானொலியின் ஒலிபெருக்கியிலும் கைப்பேசியிலும் காந்தங்கள் உள்ளன. அவற்றைத் திசைகாட்டியை விட்டுக் கையெட்டாத் தூரத்தில் வையுங்கள். நங்கூரம், கத்தி முதலிய இரும்புப் பொருள்களும் அவ்வாறே. புறப்படுமுன் துறையில் நின்று, விளக்கை ஏற்றியும் அணைத்தும் ஊசியைப் பாருங்கள். அசையாவிடின் நம்பலாம்.

மீண்டும் அந்த வீட்டுக்கு

தகப்பனும் மகனும் இன்னும் இரு திசைகாட்டிகளோடு நிற்கின்றனர். அவர்களது சிக்கலை இப்பொழுது நாமே தீர்த்துவிடலாம்.

இரும்பு மேசை பூமிப்புலத்தால் தானும் சிறிது காந்தமாகி, தன் அருகேயுள்ள புலத்தை வளைத்துவிட்டது. யன்னற் படியும் முற்றாக நம்பத்தக்கதன்று. கம்பிகளும் கொங்கிறீற்றினுள் புதைந்த இரும்பும் அங்கே உண்டு. ஆகவே திசைகாட்டியை முற்றத்து மணலுக்கு எடுத்துச் சென்று, கைப்பேசியையும் சாவிக்கொத்தையும் அப்பால் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

அங்கேயும் ஒரு சிறு திருத்தம் உண்டு. காந்த ஊசி காட்டும் வடக்கு, மெய்வடக்கிலிருந்து நமது பகுதியில் மேற்கே இரண்டு பாகை அளவில் விலகியிருக்கிறது. பூமியின் உட்குழம்பு ஓயாது அசைவதால் இவ்விலகலும் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக மாறும். கல்முனையிலிருந்து மக்காவின் திசை மெய்வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 294 பாகை. அதாவது நேர் மேற்கிலிருந்து வடக்கே 24 பாகை. ஊசியைக் கொண்டு அளப்பவர் 296 பாகையிற் பார்த்தால் விலகலும் திருத்தப்பட்டுவிடும். இரண்டு பாகை சிறிய பிழையே. இரும்பு மேசையோ அதனைவிடப் பன்மடங்கு பிழையை உண்டாக்கவல்லது.

காந்தமே இல்லாமல் இதனைச் சரிபார்க்கவும் வழி உண்டு. ஆண்டில் இருமுறை சூரியன் மக்காவில் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நமது நேரப்படி மே 28 ஆந் திகதி பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16 ஆந் திகதி பிற்பகல் 2.57 மணிக்கும் இது நிகழும். லீப் வருடங்களில் ஒரு நாள் முந்தும். அந்த வேளையில் முற்றத்திலே ஒரு கம்பை நிமிர்த்தி நட்டு, நிழலின் நுனியிலிருந்து கம்பின் அடியை நோக்கிப் பாருங்கள். அதுவே கிப்லா. எந்த இரும்பும் நிழலை வளைக்க மாட்டாது. அந்தக் கோட்டை நிலத்திற் கீறி, அதன்மேல் திசைகாட்டியை வைத்தால், ஊசி எவ்வளவு பிழைக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளலாம்.

மகன் கேட்டான் அல்லவா, எது சரி என்று? இரண்டு ஊசிகளும் தம் கடமையைச் சரியாகவே செய்தன. தான் நிற்கும் இடத்தில் பூமியும் மேசையும் கம்பியும் சேர்ந்து உண்டாக்கும் மொத்தப் புலம் எதுவோ, அதன் திசையையே ஊசி காட்டும். பூமியின் பங்கு இது, மேசையின் பங்கு இது என்று பிரித்துரைக்க அதற்குத் தெரியாது. அந்த வேலை நம்முடையது. அதற்காகவே பாடசாலையிலே பௌதிகம் படிக்கிறோம்.

அடுத்த விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குச் செல்லுங்கள். ஒரு காந்தமும் ஒரு பொலித்தீன் பையும் போதும். கருமணல் அங்கே காத்திருக்கிறது.